ஒரு துண்டு ரொட்டி – 3: பஞ்சத்தின் சாட்சி

முன்கதைச் சுருக்கம்: வயிறு ஊதி, கை கால் சூம்பி, வெளுத்த மலம் கழித்துக் கழித்தே தேய்ந்துபோகும் குழந்தைகள். 1887இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ சீலியாக் என்ற இந்த நோயைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். குணமாகும் என்று ஒன்று இருந்தால் அது உணவால்தான் ஆகும் என்றார். எந்த உணவு என்றுதான் அவரால் சொல்ல முடியவில்லை. நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் டச்சு மட்டிகளைத் தின்ற ஒரு பிள்ளை தேறியது. மட்டிக் காலம் முடிந்ததும் மறுபடி விழுந்தது. 1924இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தால் எட்டுக் குழந்தைகளைப் பிழைக்கவைத்தார். வாழைப்பழத்தில் மருந்து இருக்கிறது என்று உலகம் நம்பியது. அப்புறம் போர் வந்தது…

1945 பிப்ரவரி முடியும் நேரம். மேற்கு நெதர்லாந்தின் நகரங்களில் ரொட்டிக் கடை வாசல்களில் ஜனங்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். உள்ளே அடுப்பிலிருந்து ரொட்டி இறங்குகிறது. வெள்ளை ரொட்டி! ஜெர்மானியர் 1940 மே மாதம் நாட்டைப் பிடித்த பிறகு ஜனங்கள் அதன் முகத்தையே மறந்துவிட்டிருந்தார்கள். ஸ்வீடன் கப்பலில் வந்த மாவை உள்ளூர் ரொட்டிக்காரர்கள் சுட்டுக் கொடுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு ரொட்டி, கூடக் கொஞ்சம் மார்ஜரின். அந்த ரொட்டியின் ருசியை டச்சுக்காரர்கள் கிழவர்களான பின்பும் பேரன் பேத்திகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ரொட்டித் துண்டுக்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்றால், ஐந்து மாதம் பின்னால் போகவேண்டும்.

1944 செப்டம்பர் 17. நேச நாட்டுப் படைகள் ஆர்ன்ஹெம் பக்கம் பாராசூட்டில் இறங்கிய நாள். அன்றைக்கே, லண்டனில் தங்கியிருந்த டச்சு அரசு வானொலி வழியாகத் தன் நாட்டு ரயில்வே தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. ரயில் ஓடாவிட்டால் ஜெர்மானியர் திணறுவார்கள், சில வாரத்தில் போர் முடிந்துவிடும் என்பது கணக்கு. கணக்கு தப்பியது. ஆர்ன்ஹெம் பாலம் கைக்கு வரவில்லை. பதிலடியாக ஜெர்மானிய நிர்வாகம் மேற்கு நகரங்களுக்கு உணவு போகும் வழிகளை அடைத்தது. நவம்பரில் கொஞ்சம் இறங்கிவந்து, படகில் கொண்டுபோகலாம் என்றது. அதற்குள் நிலக்கரி தீர்ந்துவிட்டது, படகுகளும் கிடைக்கவில்லை. மிச்சமிருந்த வழியையும் குளிர் அடைத்தது. கால்வாய்கள் உறைந்தன.

ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், தி ஹேக். இங்கெல்லாம் ஒரு ஆளுக்கு நாள் முழுதும் கிடைத்த பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே போயிற்று. மோசமான வாரங்களில் அதில் பாதியை ஒட்டி நின்றது. மாட்டுக்குப் போடும் சர்க்கரைக் கிழங்கைச் சீவிக் கஞ்சி வைத்தார்கள். அது தீர்ந்ததும் துலிப் கிழங்கு. துலிப் கிழங்கைச் சமைக்க ஒரு பக்குவம் உண்டு. காய்ந்த தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் மஞ்சள் முளையைத் தோண்டி எறிந்துவிட வேண்டும். அது நஞ்சு. மிச்சத்தை வேகவைத்துப் பிசையலாம். அதை வேகவைக்க விறகு? டிராம் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருந்த மரக்கட்டைகளைக்கூட ஜனங்கள் ராத்திரியில் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஏறத்தாழ 20,000 பேரை அந்தக் குளிர்காலம் கொண்டுபோனது. டச்சு மொழியில் அதற்குப் பெயரே பசிக் குளிர்காலம்.

தி ஹேக் நகரத்துக்கு இன்னொரு கண்டமும் இருந்தது. ஜெர்மானியரின் வி-2 ராக்கெட்டுகள் லண்டனை நோக்கி அங்கிருந்துதான் கிளம்பின. அந்த ஏவுதளத்தை அழிக்க மார்ச் 3 அன்று வந்த பிரிட்டிஷ் விமானங்கள் குறி தவறி, பெசௌடன்ஹௌட் என்ற குடியிருப்பின் மேல் குண்டைக் கொட்டின. ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். மீட்க வந்தவன் போட்ட குண்டு.

இதே ஊரில்தான் யூலியானா குழந்தைகள் மருத்துவமனை இருந்தது. அதன் தலைமை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே. வயது நாற்பதை நெருங்குகிறது. 31 வயதிலேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்.

இனி வரும் காட்சியை மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். ஊரே பட்டினி. வார்டில் மற்ற குழந்தைகள் வாடுகின்றன. ஆனால் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறுகின்றன! ஊதிய வயிறு வடிகிறது. சிடுசிடுப்பு போய்ச் சிரிப்பு வருகிறது. எடை ஏறுகிறது. மற்றவர்களைக் கொல்லும் பஞ்சம் இவர்களைப் பிழைக்கவைக்கிறது. டிக்கேவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருநாள் வானத்தில் விமானங்கள் வருகின்றன. ஸ்வீடன் நாட்டு ரொட்டிகள் மழையாய்க் கொட்டுகின்றன. நலிந்த பிள்ளைகளுக்கே முதல் பங்கு என்று அந்த ரொட்டி சீலியாக் வார்டுக்குப் போகிறது. சில நாளில் அத்தனை பிள்ளைகளும் மறுபடி படுக்கையில் விழுகின்றன. டிக்கே நெற்றியில் அடித்துக்கொள்கிறார்: குற்றவாளி ரொட்டிதான்!

அருமையான கதை. சினிமாவாகவே எடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், இதில் பாதிதான் நடந்தது.

முதலில் அந்த விமானங்கள். ஸ்வீடனின் மாவு வானத்திலிருந்து வரவில்லை. ஜனவரி கடைசியில் டெல்ஃப்ஸைல் துறைமுகத்தில் கப்பலில் இறங்கியது. விமானங்களும் உண்மைதான். ஆனால் அவை பிரிட்டனுடையவையும் அமெரிக்காவுடையவையும். அவை உணவைப் போட்டது ஏப்ரல் 29இல் தொடங்கி, மே முதல் வாரம் வரை. இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒரே முடிச்சாகக் கட்டிவிட்டது ஜனங்களின் நினைவு. வானத்திலிருந்து ரொட்டி விழுந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறதே!

அதை விடுங்கள். கதையின் அஸ்திவாரத்தையே ஆட்டும் சான்று வேறொன்று இருக்கிறது. டச்சு மருத்துவ வார இதழில் டிக்கே எழுதிய ஒரு சிறு கட்டுரை. சீலியாக் குழந்தைகளுக்கு ரொட்டியும் ரஸ்க்கும் கூடவே கூடாது என்று அதில் அவர் எழுதுகிறார். அது அச்சான வருடத்தைப் பாருங்கள்.

1941.

பஞ்சத்துக்கு மூன்று வருடம் முன்பே அவருக்கு விடை தெரிந்திருந்தது! அப்படியானால் யார் சொன்னது?

*

அந்த 1941 கட்டுரையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தலைப்பிலேயே ‘எளிய உணவு’ என்று வருகிறது. இந்த நோய்க்கு நல்ல பலன் தருவதாகப் பேர் வாங்கியவை இரண்டு உணவு முறைகள்: ஹாஸின் வாழைப்பழமும், சூரிச்சின் ஃபன்கோனி வகுத்த பழம், காய்கறி முறையும். போர்க்காலத்தில் இரண்டும் கிடைக்காது. ஆகவே பங்கீட்டுக் காலத்துக்கு ஏற்ற எளிய உணவு ஒன்றைத் தருகிறேன் என்கிறார் டிக்கே. ரொட்டி, ரஸ்க் அறவே இல்லை. சுடச்சுடச் சமைத்த சாப்பாடு நாளுக்கு இருவேளை. மூன்றாம் வேளைக்கு இனிப்பாகவோ புளிப்பாகவோ கூழ், ஆனால் கோதுமை மாவு சேராத கூழ். அவ்வளவுதான். பெரிய கண்டுபிடிப்பு என்ற முரசு இல்லை. நானே முதலில் கண்டேன் என்ற மார்தட்டலும் இல்லை. வாழைப்பழம் கிடைக்காததால் வேறு வழி சொல்கிறேன் என்ற தொனியில், இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெரிய திறவுகோல் ஒன்றை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? மொழி டச்சு. நாடு ஜெர்மானியர் பிடியில். லண்டனிலோ நியூயார்க்கிலோ அந்த இதழ் யார் கைக்குப் போகும்?

சரி, அவருக்கு யார் சொன்னது? டிக்கே பயிற்சி மருத்துவராக அந்த மருத்துவமனைக்கு வந்தபோது அங்கே மூத்தவர் ஸ்டேமன். சீலியாக் குழந்தைகள் சிலருக்கு ரொட்டியும் ரஸ்க்கும் கொடுத்ததும் வயிற்றுப்போக்கு திரும்புவதை ஸ்டேமன் 1932இலேயே கவனித்துச் சொல்லியிருந்தார். அது ஒரு பொறி. இன்னொரு பொறி, ஓர் இளம் தாய். தன் சீலியாக் குழந்தையின் சாப்பாட்டிலிருந்து ரொட்டியை எடுத்ததும் உடம்பிலிருந்த தடிப்பு சட்டென்று தணிகிறது என்று அவள் சொன்னாள். வயிற்று நோய்க்கு வந்த குழந்தை; தாய் பேசியதோ தோல் தடிப்பைப் பற்றி. ‘அது வேறு, இது வேறு’ என்று தள்ளிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருக்கலாம். வேறு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ தாய்மார் இதே மாதிரி ஏதாவது சொல்லி, ‘நீ டாக்டரா, நான் டாக்டரா?’ என்ற பார்வையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள். டிக்கே காதில் போட்டுக்கொண்டார். 1934க்கும் 1936க்கும் இடையிலேயே கோதுமை இல்லாத உணவைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று அவருக்கு நெருங்கியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள்.

இந்தத் தொடரில் நான் சொல்ல வந்ததே இதுதான். பஞ்சம் டிக்கேவுக்கு விடையைக் கையில் கொடுக்கவில்லை. பத்து வருடமாக அவர் மனதில் வைத்திருந்த கேள்விக்குச் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றது. அதுவும் நம்பத்தகாத சாட்சி! குறுக்கு விசாரணை செய்து பாருங்கள். பசிக் குளிர்காலத்தில் கோதுமை மட்டுமா குறைந்தது? பால் குறைந்தது, கொழுப்பு குறைந்தது, சர்க்கரை குறைந்தது. பிள்ளை தேறியது எதனால் என்று எப்படிச் சொல்வது? மேலும் இந்த நோய் தானாகவே ஏறும், இறங்கும். வாழைப்பழத்தை நம்பிய ஹாஸுக்கும் இதே மயக்கம்தானே வந்தது? வாழைப்பழம் கொடுத்தபோது அவர் ரொட்டியையும் நிறுத்தியிருந்தார். பிழைத்த பிள்ளைகள் பழத்தால் பிழைத்ததாக எண்ணிக்கொண்டார்.

ஹாஸ் விழுந்த குழியில் தானும் விழக்கூடாது. போர் முடிந்ததும் டிக்கே எடுத்த முடிவு இது: ஒவ்வொரு தானியமாக, ஒவ்வொரு குழந்தையாக, அளந்து பார்த்தே தீருவது.

*

அளப்பது என்றால் எதை?

எடை ஏறுகிறதா, உயரம் கூடுகிறதா என்று மாதக்கணக்கில் கோடு வரையலாம். வரைந்தார். ஆனால் எடைக்குப் பல காரணம் இருக்கும். குடல் உணவை உள்ளே எடுக்கிறதா, வெளியே தள்ளுகிறதா என்று நேரடியாகச் சொல்லும் அளவுகோல் வேண்டும். அது மலத்தில் இருந்தது.

சீலியாக் குழந்தையின் மலம் வெளுத்து, நுரைத்து, மிதக்கும். நாற்றம் சொல்லி மாளாது. காரணம், செரித்து உள்ளே போகவேண்டிய கொழுப்பு அப்படியே வெளியேறுகிறது. உண்ட கொழுப்பு எவ்வளவு, மலத்தில் வந்த கொழுப்பு எவ்வளவு என்று தெரிந்தால் குடலின் கணக்கு தெரிந்துவிடும். ஆரோக்கியமான பிள்ளை நூறு கிராம் கொழுப்பு உண்டால் தொண்ணூற்றைந்து கிராம் போல உள்ளே தங்கும். கோதுமை தின்னும் சீலியாக் பிள்ளைக்கு அந்தக் கணக்கு மளமளவென்று சரியும்.

இந்த அளவையைக் கைக்கு அடக்கமாக்கியவர் உட்ரெக்ட் நகரின் வேதியியலாளர் வான் டி காமர். அதுவரை மலத்தை முதலில் காயவைத்துப் பொடியாக்க வேண்டியிருந்தது. எந்த ஆய்வகத்திலும் அந்த வேலைக்கு ஆள் அகப்படமாட்டார்கள். வான் டி காமர் காயவைக்கும் படியையே எடுத்துவிட்டார். பல நாள் மலத்தை ஒரு சொட்டு விடாமல் சேர்த்து, எடை போட்டு, கலக்க வேண்டும். அதில் கொஞ்சம் எடுத்து, ஆல்கஹாலில் கரைத்த காரத்தோடு கொதிக்கவைத்தால் கொழுப்பு சோப்பாகும். அமிலம் ஊற்றினால் சோப்பு உடைந்து கொழுப்பமிலம் பிரியும். அதைப் பெட்ரோலியம் ஈதரில் பிரித்தெடுத்து, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் புள்ளியில் கணக்கைப் படிக்கலாம். ஈரத்தோடே வேலை முடிந்தது. அதே ஊரின் குழந்தை மருத்துவர் வெய்யர்ஸும் சேர்ந்துகொண்டார். மூவர் அணி தயார்.

சோதனை தொடங்கியது. கோதுமை இல்லாமல் தேறி நிற்கும் குழந்தைக்குக் கோதுமை கொடுப்பது. காத்திருப்பது. அளப்பது. இங்கே வாசகர்கள் சிலருக்கு உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. நன்றாக இருக்கும் பிள்ளையை வேண்டுமென்றே நோயில் தள்ளுவதா? இன்றைக்கு நெறிமுறைக் குழுக்கள் அவ்வளவு எளிதில் கையெழுத்துப் போடாது. ஆனால் மறு தட்டில் இருந்தது என்ன என்பதையும் பார்க்கவேண்டும். காரணம் தெரியாமல் வருடக்கணக்கில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து, பலர் பிழைக்காமலே போன குழந்தைகள்.

கோதுமை உள்ளே போன அன்றே ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் இல்லை. முதலில் பிள்ளைக்குப் பசி மந்தம். பிறகு முகம் சுளிக்கும் சிடுசிடுப்பு. அப்புறம்தான் வயிறு. அதற்குள் நாட்கள் ஓடி, சில பிள்ளைகளுக்கு வாரங்களே ஓடிவிடும். இந்த இடைவெளிதான் ஆயிரம் வருடமாக எல்லோர் கண்ணையும் கட்டியிருந்தது! திங்கட்கிழமை தின்ற ரொட்டிக்கு அடுத்த வாரம் தண்டனை கிடைத்தால், பழி அன்றைக்கு யார் தட்டில் எது இருந்ததோ அதன்மேல்தான் விழும். பால், முட்டை, பழம், பாட்டி கொடுத்த மிட்டாய் எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏறும். ரொட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்.

அளவுகோல் ஏமாறவில்லை. கோதுமை: கொழுப்புக் கணக்கு சரிந்தது. ரை தானியம்: சரிந்தது. மக்காச்சோளம்: ஒன்றும் ஆகவில்லை. உருளைக்கிழங்கு: ஒன்றும் இல்லை. அரிசி: ஒன்றுமே இல்லை!

அரிசிக்கு விடுதலை கிடைத்த இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். முதல் அத்தியாயத்தில் வந்த சாமுவேல் ஜீ நினைவிருக்கிறதா? அவர் இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது என்று விலக்கிய பட்டியலில் அரிசி இருந்தது, ஜவ்வரிசி இருந்தது. கொடுக்கலாம் என்ற பக்கத்திலோ, மெல்லிசாக நறுக்கி இருபுறமும் நன்றாகச் சுட்ட ரொட்டி! பாதையைச் சரியாகக் காட்டிவிட்டு, கைகாட்டியை நேர் எதிராகத் திருப்பி நட்டுவைத்தவர் அவர்.

‘அரிசிச் சோறு தின்னும் நமக்கு இந்த நோய் வராது அல்லவா?’ என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு இதற்கே பதில் தேடியது. மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தார்கள். வட இந்தியாவில் ஆயிரத்துக்கு எட்டு பேருக்கு மேல் சீலியாக். தென்னிந்தியாவிலோ பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவு. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் மூன்றில் ஒருவருக்கு மேல், கிட்டத்தட்ட சமமாக இருந்தது. வேறுபட்டது தட்டில் விழும் கோதுமை. ஆக, வராது என்று சொல்ல முடியாது. ராத்திரிச் சாப்பாடு சப்பாத்தியாக மாறிக்கொண்டிருக்கும் வீடுகள் இதை யோசிக்கலாம்.

வந்துவிட்டவர்களுக்கு நம் ஊரில் பெரிய நிம்மதி இட்லியும் சோறும். ஆனால் ஏமாந்துவிடக்கூடாது. பரோட்டா, ரவா உப்புமா, சேமியா ஆகாது என்பது எளிதில் புரியும். சாம்பாரில் போடும் பெருங்காயம்? கடையில் டப்பாவில் வருவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசின் கொஞ்சம், மிச்சம் மாவு. அந்த மாவு பல சமயம் மைதா. பார்லியை முளைகட்டிச் செய்த மால்ட் பானத்திலும் வினை இருக்கிறது. ஹோட்டலில் சப்பாத்தி போட்ட கல்லிலேயே தோசை வார்த்தால் அந்தத் தோசையும் ஆகாது. குளூட்டன் (அது என்ன என்பது சற்றுப் பின்னால் வரும்) இல்லாதது என்று லேபிள் ஒட்ட நம் நாட்டுச் சட்டம் விடும் உச்ச வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு கிலோ மாவில் அது ஒரு சிட்டிகைகூட இல்லை. அந்த அளவு கடுமை ஏன் என்பது இனி வரும் அத்தியாயங்களில் விளங்கும்.

உட்ரெக்டுக்குத் திரும்புவோம். 1950இல் டிக்கே தன் முடிவுகளை உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்தார். சில தானியங்கள் சீலியாக் நோயாளிக்குச் செய்யும் தீங்கு என்பதுதான் பொருள். மூத்த மருத்துவர், ஒரு மருத்துவமனையின் தலைவர், 45 வயதில் மாணவர் மாதிரி தேர்வுக் குழுவின் முன் நின்றார். இதுவும் டச்சு மொழியில்தான். ஆனால் இந்த முறை சேதி கடலைத் தாண்டியது.

*

பிரிட்டனின் பர்மிங்ஹாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சார்லட் ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவரும் அவர் குழுவினரும் டச்சுக்காரர்கள் சொன்னதை எடுத்துச் சோதித்தார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. கோதுமைக்குள் எது?

கோதுமை மாவில் பெரும்பங்கு ஸ்டார்ச். ஜீ காலத்திலிருந்து சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். மாவைப் பிசைந்து, உருண்டையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால் வெள்ளையாய்ப் பால் கழன்று போகும். அது ஸ்டார்ச். கையில் மிஞ்சுவது ரப்பர் மாதிரி இழுபடும் சவ்வு. அது குளூட்டன், கோதுமையின் புரதம். நம் ஊரில் அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்தவர்களுக்கு இந்த இரண்டும் பழக்கமானவை. பாலை எடுத்துக்கொண்டு, துணியில் தங்கும் கோதை எறிந்துவிடுவார்கள். (அதற்காக அல்வா ஆகும் என்று கிளம்பிவிடாதீர்கள். பிழிந்த பாலோடு போதுமான குளூட்டனும் கூடவே இறங்கிவிடும்.)

பர்மிங்ஹாம் குழு குழந்தைகளுக்கு அலசிய ஸ்டார்ச்சைத் தனியாகக் கொடுத்தது. ஒன்றும் ஆகவில்லை. குளூட்டனைத் தனியாகக் கொடுத்தது. பிள்ளைகள் விழுந்தார்கள். 1952இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. அறுபது வருடமாகக் கூண்டில் நின்ற ஸ்டார்ச் நிரபராதி!

மறு வருடமே உட்ரெக்டின் மூவர் அணி இன்னும் ஒரு படி இறங்கியது. குளூட்டனை ஆல்கஹாலில் போட்டால் ஒரு பகுதி கரையும், ஒரு பகுதி கரையாது. கரையும் பகுதிக்குப் பெயர் கிளியடின். நஞ்சு அதில்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். தானியத்தில் தொடங்கி மாவுக்கு, மாவிலிருந்து புரதத்துக்கு, புரதத்தில் ஒரு கூறுக்கு என்று வலை இறுகிவிட்டது. குற்றவாளியின் பெயர், விலாசம் எல்லாம் கிடைத்தாயிற்று.

ஆனால் குற்றம் என்ன?

சிரிக்காதீர்கள். 1953 வரை இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. இத்தனை கோடிப் பேர் தினம் தின்று செரிக்கும் ஒரு புரதம், இந்தச் சிலரின் குடலுக்குள் போய் அப்படி என்னதான் செய்கிறது? இறந்துபோன நோயாளிகளின் குடலைப் பல பேர் அறுத்துப் பார்த்திருந்தார்கள். ஒரு பயனும் இல்லை. உயிர் போன சில மணி நேரத்திலேயே குடலின் உள்தோல் தன் சாற்றாலேயே அழிந்துவிடும். அதனால் எதைக் கண்டாலும், ‘அது சாவுக்குப் பின் நேர்ந்த சிதைவு’ என்று ஒதுக்கிவிட்டார்கள். குடலில் கோளாறே இல்லை என்று அடித்துச் சொன்ன நிபுணர்களும் உண்டு. உண்மை தெரியவேண்டுமானால் உயிரோடிருக்கும் மனிதனின் சிறுகுடலிலிருந்து ஒரு துணுக்கு வேண்டும். இருபது அடிக்கு மேல் நீளமுள்ள குழாய், வயிற்றுக்கு உள்ளே சுருண்டு கிடக்கிறது. யார் போய் எடுப்பது?

கிழக்கு இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்று ஒரு நகரம். பெரிய பல்கலைக்கழகம் கிடையாது; வழக்கமான ஊர் மருத்துவமனைதான். அங்கே பாலி என்ற மருத்துவரிடம் சில நோயாளிகள் இருந்தார்கள். குழந்தைகள் இல்லை, பெரியவர்கள். மலத்தில் கொழுப்பு போய்க்கொண்டே இருக்கும், காரணம் தெரியாது. இது வேறு நோய், சீலியாக் குழந்தைகளின் நோய் வேறு என்றுதான் பாடப் புத்தகங்கள் சொல்லின. அந்தப் பெரியவர்களுக்கு வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை நடந்தபோது, சிறுகுடலிலிருந்து சிறு துண்டு ஒன்றை வெட்டி எடுத்தார்கள். உயிருள்ள குடல். சிதைய நேரமே கொடுக்காமல் பதப்படுத்தி, மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் ஏற்றினார்கள்.

நல்ல குடலின் உட்புறத்தில் விரல் விரலாக நுண்ணிய உறிஞ்சிகள் நெருக்கியடித்து நிற்கும். நாம் உண்ணும் ஒவ்வொரு கவளமும் உடம்பில் சேர்வது அவற்றின் வழியாகத்தான். நுண்ணோக்கியில் முதலில் கண்ணில் படுவதும் அவைதான்.

பாலி பார்த்த சில்லில் அந்த விரல்களைத் தேட வேண்டியிருந்தது.

(தொடரும்)